தொலைபேசியில் மட்டும்

'கருத்துக் கேட்புக் கூட்டம். அனைவரும் வருக' என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். மெய்நிகர் நாணயங்களை ஒழுங்குபடுத்த அரசு புதிதாக ஒரு விதி கொண்டுவரப் போகிறது. வரைவு தயார். பொதுமக்கள் வந்து குறை நிறை சொல்லலாம். அந்த 'அனைவரும்' என்ற சொல்லை நம்பித்தான் காது கேளாதோர் சங்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள்.

வாசல் மேசையில் இருந்த ஊழியர் பதிவேட்டை நீட்டி ஏதோ கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார். அப்போதும் பதில் இல்லை. மூன்றாவது முறை, பல் டாக்டரிடம் காட்டுவதுபோல வாயை அகலத் திறந்து ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டார்.

"அவங்களுக்குக் காது கேக்காதுங்க. நீங்க தொண்டையைக் கிழிச்சுக்கிட்டாலும் கேக்காது," என்றாள் வேனுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்த சடை.

சடை என்பது சங்கத்தார் அவளுக்கு வைத்த பெயர். அவர்களிடையே ஆளைக் கூப்பிட வாயால் சொல்லும் பெயர் உதவாது. முதல் பார்வையில் என்ன கண்ணில் பட்டதோ அதைக் கையால் காட்டிவிடுவார்கள், அதுவே காலத்துக்கும் நிலைத்துவிடும். இரண்டு காதோரமும் விரலைக் கீழே இழுத்தால் அது அவள். இப்போது முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். பெயர் மட்டும் மாறவில்லை. அவளுடைய அப்பா கார் பட்டறையில் டிங்கரிங் வேலை பார்ப்பவர். அவர் பெயர் சுத்தியல். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. சடைக்குக் கேட்கும். பேசத் தெரிவதற்கு முன்பே சைகை தெரிந்த பிள்ளை அவள். வளர்ந்து அதையே தொழிலாக்கிக்கொண்டு, நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் சைகை மொழிபெயர்ப்பாளராக இருந்தாள்.

"மொழிபெயர்ப்பாளர் எங்க உட்கார்ந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

"அப்படி யாரும் ஏற்பாடு பண்ணலையே."

"சங்கத்துலேருந்து ரெண்டு தடவை மெயில் போட்டிருக்காங்க."

"பரிசீலிக்கிறோம்னு பதில் போட்டிருப்போமே?"

"போட்டிருந்தீங்க."

"அப்ப பரிசீலிச்சிருப்பாங்க." ஊழியர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, போதும். இல்லைன்னா நீங்களே பேசிடுங்களேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய ரேங்க் கார்டையே அவள்தான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தாள். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியபோது, அம்மாவுக்குக் கட்டி என்று டாக்டர் சொன்னபோது, எல்லாரும் அப்பாவின் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து அவளிடம்தான் பேசினார்கள். சொந்தக் குடும்பத்துக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது அவள் தொழிலின் விதி. அந்த விதியைப் படித்த நாளில் அவளுக்கு விடுதலை கிடைத்ததுபோல இருந்தது. அன்றைக்கு மகளாக மட்டும் பின்வரிசையில் உட்காரத்தான் வந்திருந்தாள்.

திரும்பிப் பார்த்தாள். சங்கத்து ஆட்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லை. அவர்களோடு அரங்குக்குப் படியேறினாள்.

*

விஷயம் நடந்தது இப்படித்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு சங்கத்தார் எல்லாருடைய போனிலும் ஒரு காணொளி வந்தது. கோட்டுப் போட்ட ஒருவன் திரையில் நின்று சைகையிலேயே பேசினான். எழுத்து இல்லை, குரல் இல்லை, முழுக்கக் கை. சரளமான கை. "கேக்கிறவங்க பல வருஷமா சம்பாதிச்சிட்டாங்க. யாராவது நமக்கு வந்து சொன்னாங்களா? நான் சொல்றேன். இந்தக் காயின் நமக்காக." அவனுக்குச் சங்கத்தில் கோட்டு என்றே பெயர் விழுந்தது.

வங்கியில் டோக்கன் எண்ணை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். சுத்தியல் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வருவார். காப்பீட்டுக்காரன் வந்தால் சடையிடம் பேசிவிட்டு அவரிடம் கையெழுத்து வாங்குவான். கோட்டு மட்டும்தான் நேராக அவர் கண்ணைப் பார்த்துப் பேசினான். சுத்தியல் சேமிப்பைப் போட்டார். பிறகு அவருடைய நண்பர்கள் போட்டார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் கன்னக்குழி, சொந்தமாகத் தையல் கடை பிடிக்க வைத்திருந்த முன்பணத்தைப் போட்டாள். திரையில் தொகை மாதா மாதம் ஏறியது. ஏறுவதைப் பார்த்து மீதியையும் போட்டார்கள்.

ஒருநாள் காலையில் எல்லாருடைய திரையிலும் ஒரே வரி. 'பாதுகாப்புக் காரணங்களுக்காக உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. கணக்குதாரர் தொலைபேசியில் மட்டும் அழைக்கவும்.'

தொலைபேசியில் மட்டும். காது கேட்காதவர்களைத் தேடித் தேடிச் சேர்த்த கம்பெனி எழுதிய வரி அது.

சடைதான் அழைத்தாள்.

"அக்கவுண்ட் ஹோல்டர்கிட்ட குடுங்க மேடம்."

"அவருக்குக் காது கேக்காது. நான் அவர் பொண்ணு. பக்கத்துலதான் இருக்காரு."

"அவர் பேசினாத்தான் மேடம் எங்களால எதுவும் பண்ண முடியும். குரல் சரிபார்ப்பு இருக்கு."

"குரலே இல்லாத ஆளுக்கு எப்படிங்க சரிபார்ப்பீங்க?"

"அதுக்குத்தான் மேடம் அவர்கிட்ட குடுங்கன்னு சொல்றேன்."

போனை அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, வாயருகே பிடித்து, தன்னால் முடிந்த அளவுக்குத் தன் பெயரைச் சொன்னார். அவருடைய தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அந்த வீட்டில் கேட்கக்கூடியவள் சடை ஒருத்திதான். பதிவு செய்த பெண்குரல் இனிமையாகச் சொன்னது: "மன்னிக்கவும். உங்கள் குரல் பொருந்தவில்லை." என்ன சொன்னார்கள் என்று அப்பா ஆவலோடு கேட்டார். அதையும் அவள்தான் கையால் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தினமும் சண்டை. சண்டை முற்றினால் அம்மா எழுந்துபோய் விளக்கை அணைத்துவிடுவாள். இருட்டில் கை தெரியாது. அப்பா எதையும் சொல்ல முடியாமல் நாற்காலியை உதைப்பார்.

இப்போது வந்திருக்கும் அரசு வரைவை ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் வைத்து, பக்கம் பக்கமாகச் சடை சைகையில் சொன்னாள். மூன்று இடத்தில் ஆட்கள் கொதித்தார்கள். முதலாவது, புகார் எதுவானாலும் வாடிக்கையாளர் நேரடியாகத் தொலைபேசியில் மட்டுமே பதிவு செய்ய வேண்டுமாம். கம்பெனி போட்ட பூட்டை அரசே சட்டமாக்குகிறது. இரண்டாவது, ஆறு மாதத்துக்குள் உரிமம் வாங்கிக்கொள்ளும் கம்பெனிகள்மேல் பழைய விவகாரங்களுக்கு நடவடிக்கை கிடையாது. மூன்றாவது, ஆதாயம் பெற்றுக்கொண்டு பிறரை அறிமுகப்படுத்தியவர்களுக்கு அபராதம் உண்டு, அது பழைய விவகாரமானாலும் சரி. மூன்றாவதைச் சொன்னபோது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

கூட்ட அரங்கில் குளிர்சாதனம் பல்லைக் கிடுகிடுக்க வைத்தது. மேடையில் வரைவை எழுதிய துறையின் தலைவர், இரண்டு பக்கமும் அதிகாரிகள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். முதலில் பேசியவர் நாணயக் கம்பெனிகளின் கூட்டமைப்பு அனுப்பிய வக்கீல். திரையில் படம் போட்டு, வண்ண வண்ணக் கோடுகள் ஏறுவதைக் காட்டி, வேலைவாய்ப்பு, வளர்ச்சி, எதிர்காலம் என்று நீண்ட நேரம் பேசினார். அவருக்கு யாரும் மணியடிக்கவில்லை. பொதுமக்கள் முறை வந்ததும் தலைவர் மேசைமேல் ஒரு சின்ன மணியை எடுத்து வைத்தார்.

சுத்தியல் எழுந்துபோய் நின்றார். சடை ஒலிவாங்கியைப் பிடித்தாள். அவள் தொழிலில் 'அவர் சொல்கிறார்' என்பது கிடையாது. பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்பாள்.

இரண்டு வரி போவதற்குள் தலைவர் கையை உயர்த்தினார். "அவரைக் கத்த வேண்டாம்னு சொல்லுங்க. ஏதோ மாதிரி சத்தம் வருது."

சடை அதையும் அப்படியே அப்பாவுக்குக் காட்டினாள். அவர் முகம் சிவந்தது.

"நான் கத்துறேனா?" என்றாள் சடை, அவருடைய குரலாக. "எனக்கு எப்படிங்க தெரியும்? உங்களுக்குக் கேக்குது இல்ல, நீங்க காதைப் பொத்திக்கோங்க. எனக்கு அந்த வசதி பொறந்ததுலேருந்தே இருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

சைகையில் நீ, நீங்கள் என்ற பேதம் இல்லை. விரலை நீட்டினால் எதிரில் இருப்பவர், அவ்வளவுதான். அதைக் குரலாக்கும்போது எந்த மரியாதை போடுவது என்பதைச் சடைதான் அந்தந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் அவள் எப்போதும் 'நீங்க'தான் போடுவாள். அப்பாவின் விரல் எவ்வளவு கோபமாக நீண்டாலும் அவள் நாக்கு அதைக் கழுவித் துடைத்துத்தான் வெளியே விடும்.

"எங்களை ஏமாத்தினவன் எங்க பாஷையைக் கத்துக்கிட்டு வந்தான்," என்று அப்பா சொல்ல, அவள் சொன்னாள். "உங்க கவர்மென்ட்டுல ஒருத்தர்கூட கத்துக்கல. ஏமாத்துறவனுக்கு எங்ககிட்ட வரத் தெரியுது. காப்பாத்துறேன்னு சொல்றவங்களுக்குத் தெரியலையா? தொலைபேசியில மட்டும்னு எழுதின ஆள் யாரு? இங்க இருக்காரா? எழுந்து நிக்கச் சொல்லுங்க, அவர் மூஞ்சியைப் பாக்கணும்."

மணி அடித்தது. அவர் நிறுத்தவில்லை. திரும்பவும் அடித்தது. எந்தச் சத்தம் வந்தாலும் தெரிவிக்க வேண்டியது அவள் கடமை என்பதால், மணி என்று காட்டினாள்.

"மணியா?" அப்பா மேசையைப் பார்த்தார். "அந்த வக்கீல் பேசினப்ப அது எங்க போச்சு? கழுத்துல கட்டித் தொங்கவிட்டிருந்தீங்களா?"

அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அடுத்து கன்னக்குழி.

அவள் மேடைப் பக்கமே திரும்பவில்லை. நேராகச் சுத்தியலைப் பார்த்து நின்றுகொண்டு கையை உயர்த்தினாள். அந்தக் கையில் பல மாதமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வந்தது.

"என்னைச் சேர்த்துவிட்டது அந்தக் கோட்டுக்காரன் இல்ல. இதோ நிக்கிறாரே, இந்தச் சுத்தியல். என் வீட்டுக்கு வந்து, என் தையல் மிஷின் பக்கத்துல உக்காந்து, அண்ணன் மாதிரி சொன்னாரு. ஆளுக்கு இவ்வளவுன்னு அவருக்குக் கமிஷன் வந்துச்சு. எங்க எல்லார் தலையையும் எண்ணி வாங்கினாரு. அவர் போன்ல நானே பாத்தேன்."

இதில் பாதியைத்தான் சடை குரலில் சொல்லியிருந்தாள். கமிஷன் என்ற கை கண்ணில் பட்டதும் வாய் அடைத்துக்கொண்டது. இது அவளுக்குத் தெரியாது. வீட்டில் இத்தனை சண்டை நடந்தும் இது வெளியே வரவில்லை. வக்கீல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது விதி அவள் கண்முன் நின்றது. இப்போது வாயைத் திறந்தால் சொந்த அப்பாவை அபராதத்துக்குப் பிடித்துக் கொடுப்பதுபோல. திறக்காவிட்டால், தன் தொண்டையை நம்பி நிற்கும் ஒருத்தியின் குரல்வளையை அறுப்பதுபோல. அரங்கில் இருந்த கேட்கிறவர்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். கேட்காதவர்கள் எல்லாரும் ஏற்கெனவே விஷயத்தை அறிந்து, அவள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தார்கள்.

அப்பாவும் பார்த்தார். தலையை ஆட்டவில்லை, கெஞ்சவில்லை, கண்ணை எடுக்கவும் இல்லை.

அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் வாய் திறந்தது.

"அவருக்குக் கமிஷன் வந்துச்சு," என்றாள் ஒலிவாங்கியில், ஒவ்வொரு சொல்லும் விழ. "எங்க எல்லார் தலையையும் எண்ணி வாங்கினாரு. அவர் போன்ல நானே பாத்தேன்."

வக்கீல் உடனே எழுந்தார். "ஐயா, இதைத்தான் நாங்க ஆரம்பத்துலேருந்து சொல்றோம். தப்பு கம்பெனிகள்கிட்ட இல்ல. பேராசையில தன் சொந்த ஆட்களையே இழுத்துவிடற இந்த மாதிரி நபர்கள்கிட்டதான் இருக்கு. இந்த அம்மாவே சாட்சி சொல்லிட்டாங்க. மூணாவது விதியை இன்னும் கடுமையாக்கணும்னு கேட்டுக்கறோம்."

சடை அதைச் சைகையில் சொல்லச் சொல்ல, கன்னக்குழியின் முகம் மாறியது. மெல்லச் சுத்தியலிடமிருந்து திரும்பி வக்கீலை நோக்கி நடந்தாள். அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் விரல் நின்றது.

"நான் அவரைத் திட்டுவேன்," என்றாள் சடை. அவள் குரல் தானாகவே ஏறியிருந்தது. "சங்கத்து வாசல்ல நிக்க வெச்சுத் திட்டுவேன். சாகிற வரைக்கும் திட்டுவேன். அது எனக்கும் அவருக்கும். அவரும் போட்டாரு, அவரும் தொலைச்சாரு. அவருக்குக் கமிஷன் குடுத்தது யாரு? அந்தக் காசு எங்கேருந்து வந்துச்சு? உன் கம்பெனி குடுத்துச்சு. என் காசுலேருந்து எடுத்துக் குடுத்துச்சு. மிச்சத்துல உனக்குக் கோட்டு தைச்சுக் குடுத்துச்சு. என் வாயிலேருந்து ஒரு வார்த்தை விழுந்ததும் பொறுக்கிக்கிட்டு ஓடப் பாக்கிறியே, உனக்கு யாரு இதுல பங்கு குடுத்தது?"

வக்கீல் தலைவர் பக்கம் திரும்பினார். "ஐயா, மரியாதையாப் பேசச் சொல்லுங்க."

"அவங்க கையில மரியாதைக்கு எந்தக் குறைவும் இல்ல சார்," என்றாள் சடை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் தன் சொந்த வாக்கியம் ஒன்றை ஒலிவாங்கியில் சொன்னது அதுதான் முதல் தடவை. "சைகையில நீயும் கிடையாது, நீங்களும் கிடையாது. அந்த 'நீ' நான் போட்டது."

சங்கத்து ஆட்கள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். தட்டினால் யாருக்குக் கேட்கப் போகிறது? தலைவர் மணியை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

*

கட்டடத்துக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் அப்பாவும் மகளும் சண்டை போட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்? ஒரு சத்தமும் இல்லாமல் இரண்டு பேர் காற்றைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி பீடியை மறந்துவிட்டு நின்று பார்த்தார்.

"எவ்வளவு வாங்கினே?"

"வாங்கினதை எல்லாம் திரும்ப அதுலயேதான் போட்டேன்."

"நான் அதைக் கேக்கல. ஏன் சொல்லல? உனக்காக அந்தப் போன்காரன்கிட்ட கெஞ்சினேன். உனக்காக வரைவைப் படிச்சு சொன்னேன். என் வாயால உன்னைப் பிடிச்சுக் குடுக்க வெச்சுட்டியே."

"சொல்லாம இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாமா?"

அவர் கை பாதியில் நின்றது. பிறகு வேகமாக வந்தது. "இல்ல. முழுங்கியிருந்தா உன்னை அறைஞ்சிருப்பேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தன் என்கிட்ட நேராப் பேசினான். நாலு பேர்கிட்ட நீ சொல்லு, உன் பேச்சுக்கு மதிப்பிருக்குன்னு சொன்னான். என் பேச்சுக்கு மதிப்பிருக்குன்னு எவன் சொல்லியிருக்கான்? பட்டறையில தோள்ல தட்டிக் கூப்பிடுவான், அவ்வளவுதான். சொன்னேன். வாங்கினேன். தப்புதான். அதுக்காக அந்த வக்கீல் சொல்றது சரியாயிடுமா?"

"ஆகாது."

"அப்ப ரெண்டுக்கும் சேர்த்துக் கோபப்படு. உனக்கு ரெண்டு கை இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு அவரை வேனோடு விட்டுவிட்டுப் போய்விட்டாள். பல நாள் அப்பா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

*

கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் துறை தன் இணையதளத்தில் போட்டது. சடை நீதிமன்ற இடைவேளையில் அதைத் திறந்தாள். வக்கீல் பேச்சு முழுசாக இருந்தது, வண்ணக் கோடுகளோடு. அதற்குக் கீழே மூன்றே வரி. 'காது கேளாதோர் சங்கத்தினர் திரளாகக் கலந்துகொண்டனர். அறிமுகப்படுத்துவோர் மீதான நடவடிக்கையை அவர்களில் ஒருவர் வலியுறுத்தினார். சங்கத்தினர் கைகளை அசைத்து வரைவை வரவேற்றனர்.'

வரவேற்றார்களாம்.

தொலைபேசிப் புகார் பற்றி ஒரு திருத்தம் மட்டும் சேர்த்திருந்தார்கள்: 'மாற்றுத்திறனாளிகளின் சார்பில் குடும்ப உறுப்பினர் எவரேனும் அழைக்கலாம்.'

அந்த வரியை அவள் திரும்பவும் படித்தாள். குடும்ப உறுப்பினர் எவரேனும். அதாவது அவள். அப்பாவுக்கு அவள், கன்னக்குழிக்கு அவளுடைய பள்ளிக்கூடம் போகும் பையன், இன்னொருத்தருக்கு எங்கோ வெளியூரில் இருக்கும் தங்கை. கேட்கிற பிள்ளைகளை எல்லாம் தந்திக்கம்பம்போல நட்டுவைத்து, அரசு தன் செலவை மிச்சம் பிடித்துக்கொள்கிறது. பிள்ளையே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பெற்றுக்கொண்டு வந்து புகார் கொடுப்பார்களா?

அன்றைக்கு மாலை நேராகச் சங்கத்துக்குப் போனாள். டயர்க் கடைக்கு மேலே ஒரு நீள அறை. எல்லார் கையும் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதால் நாற்காலிகள் வட்டமாக. ஒரு பக்கம் அப்பா. எதிர்ப்பக்கம், அவர் இருக்கும் திசையையே பார்க்காமல் கன்னக்குழி. சடை நடுவில் நின்று மூன்று வரியையும் சொன்னாள். 'வரவேற்றனர்' என்ற இடத்தில் ஒரு பெரியவர் எழுந்து தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார், அது ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல.

"திரும்பப் போவோம்," என்றார்கள். "நீ வந்து பேசு."

"நான் பேசப் போறதில்ல," என்றாள் சடை. "கருத்து சொல்ல இன்னும் பத்து நாள் இருக்கு. எந்த வடிவத்துல வேணும்னாலும் அனுப்பலாம்னு அவங்களே போட்டிருக்காங்க. உங்க பாஷையிலயே அனுப்புங்க. நான் ஒரு எழுத்துகூட போடமாட்டேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் அறையில் ஒரே கை மயம். ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு, ஒவ்வொருவராக உட்கார்ந்து, அவரவர் கோபத்தை அவரவர் கையாலேயே பதிவு செய்தார்கள். கன்னக்குழி தன் முறையில் சுத்தியலையும் திட்டினாள், கம்பெனியையும் திட்டினாள், துறைத் தலைவரின் மணியைத் தனியாகத் திட்டினாள். சுத்தியல் தன் முறையில் கமிஷன் வாங்கியதை ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, அதைக் கொடுத்தவனை ஏன் கேட்கவில்லை என்று கேட்டார். மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் செய்தி போனது. குரல் இல்லாத, எழுத்து இல்லாத காணொளிகள் துறையின் அஞ்சல் பெட்டியில் வந்து குவிந்தன.

துறையிலிருந்து சடைக்குப் போன் வந்தது. அதே ஊழியர்.

"மேடம், என்னென்னமோ வீடியோ வந்திருக்கு. ஒண்ணும் புரியல. கொஞ்சம் வந்து என்னன்னு சொல்லிட்டுப் போறீங்களா?"

"புரியலையா?"

"எப்படி மேடம் புரியும்? ஒரே கை ஆட்டமா இருக்கு."

"வரவேற்கிறாங்கன்னு எழுதிடுங்களேன். போன தடவை அப்படித்தானே எழுதினீங்க."

"பொதுமக்கள் கருத்து ஒவ்வொண்ணுக்கும் பதில் பதிவு பண்ணியாகணும் மேடம். இல்லைன்னா ஃபைல் மேல போகாது. நீங்க வந்தா ஒரு நாள்ல முடிஞ்சிடும்."

"நான் அதுல ஒருத்தரோட பொண்ணுங்க. நான் மொழிபெயர்க்கக் கூடாது. சம்பளத்துக்கு ஆள் இருக்காங்க, பட்டியல் வேணும்னா அனுப்பறேன். காசு குடுத்துக் கூட்டிட்டு வாங்க."

"குடும்ப உறுப்பினர் பேசலாம்னுதானே மேடம்…"

"பேசலாம்னுதான் இருக்கு. பேசியே ஆகணும்னு இல்ல." வைத்துவிட்டாள். கோபம்தான்; ஆனால் இந்தக் கோபத்தில் மூச்சு விட முடிந்தது.

வேறு ஊரிலிருந்து இரண்டு மொழிபெயர்ப்பாளர்களைக் கூலி கொடுத்து வரவழைத்தார்கள். ஒவ்வொரு காணொளியும் எழுத்தாகி, கோப்பில் ஏறியது. கன்னக்குழியின் திட்டு ஒரு பக்கம் முழுக்க, ஒரு சொல்லும் குறையாமல் அரசு ஆவணத்தில் இருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் 'நீங்கள்' என்றுதான் போட்டிருந்தார்கள்.

விதி கடைசியாக வெளிவந்தபோது, புகாரை எழுத்திலும் சைகைக் காணொளியிலும் கொடுக்கலாம் என்று மாற்றியிருந்தார்கள். குடும்ப உறுப்பினர் வரி போய்விட்டது. கம்பெனிகளின் பழைய விவகாரம் பற்றிய சலுகை மட்டும் அப்படியே நின்றது. அறிமுகப்படுத்தியவர்களுக்கான அபராதமும் மாறவில்லை. சுத்தியலுக்கு அறிவிப்பு வந்தது; பட்டறையில் முன்பணம் வாங்கிக் கட்டினார். கமிஷன் தொகையையும் கணக்குப் பார்த்து, ஆளாளுக்கு மாதத் தவணையாகக் கொடுக்க ஆரம்பித்தார். கன்னக்குழி முதல் தவணையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே போனாள். போட்ட பணம் யாருக்கும் திரும்பவில்லை. கோட்டு வேறொரு கம்பெனிப் பெயரில், உரிம எண்ணோடு, வேறொரு கோட்டில் வந்துவிட்டான்.

புது விதியின்கீழ் சைகையில் போன முதல் புகார் அவன்மேல்தான். அதைச் சங்கத்தில் பதிவு செய்த அன்று சடை போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவத்துக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு வெளியே வந்தபோது அந்தக் காணொளியை அப்பா அனுப்பியிருந்தார். அவரும் கன்னக்குழியும் ஒரே திரைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு. கம்பெனி ஏமாற்றியது என்பதற்கு எந்தக் கையைப் போடுவது என்று பாதியிலேயே சண்டை வந்துவிட்டது. அவர் காட்டிய கை போதாது என்றாள் அவள். அது வெறும் பொய் சொல்வதற்கான கை, இது அதைவிடப் பெரிது. இப்படி என்று ஒன்றைக் காட்டினாள். அவர் மறுத்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கேமராவை நேராகப் பார்த்துத் தன் கையையே போட்டாள். அவர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, பிறகு அதே கையைத் தானும் போட்டார்.

எதையும் வெட்டாமல், சண்டையோடு சேர்த்து அப்படியே அனுப்பியிருந்தார்கள். ரசீது எண் வந்திருந்தது. பதில் இன்னும் வரவில்லை.